தரிசு நிலத்துக் கோழி

பறவைகளில் இரண்டு வகை உண்டு என்பது என் எண்ணம். சாஸ்திரம் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், போகட்டும். ஒரு வகை கண்ணுக்கென்று பிறந்தது. மயில், கிளி, மீன்கொத்தி எல்லாம் இந்த வகை. மற்றொரு வகை காதுக்கென்று பிறந்தது. குயிலை ஆயிரம் தடவை கேட்டவர்கள்கூட அதை ஒரு தடவை சரியாகப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆந்தை, கூகை, பக்கி போன்ற இராப்பறவைகள் எல்லாம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அவை நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும். அவற்றின் குரலைக் கேட்டுத்தான் நாம் அதைத் தெரிந்துகொள்கிறோம்.

காதுக்கென்று பிறந்த பறவைகளுக்கு ராஜா என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், நியூஸிலாந்து தேசத்தின் கிவியைச் சொல்லலாம். அதற்குப் பறக்கத் தெரியாது. இரவில்தான் வெளியே வரும். மூக்குத் துவாரம் நீண்ட அலகின் நுனியில் இருப்பதால், தரையை முகர்ந்து முகர்ந்தே இரை தேடும். அதன் பெயரும் அதன் குரலிலிருந்து பிறந்ததுதான் என்று சொல்கிறார்கள். அந்நாட்டின் பூர்விக குடிகளான மௌரிகள் இட்ட பெயர் அது. இன்றைக்கும் அங்கே கிவிகளைக் கணக்கெடுப்பது கண்ணால் அல்ல, காதால்தான். குளிர்காலத்து இருட்டில், காட்டின் ஓரத்தில் ஆட்கள் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்துகொண்டு, எத்தனை தடவை, எந்தத் திக்கிலிருந்து, ஆண் குரலா பெண் குரலா என்று குறித்துக்கொள்வார்கள். வெல்லிங்டன் நகரத்தின் ஓரத்துக் குன்றுகளில் நூறு வருஷத்துக்கு மேலாகக் கிவியின் குரலே இல்லாமல் போயிருந்தது. 2022-ஆம் வருஷக் கடைசியில் அங்கே மறுபடியும் கிவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தலைநகரத்து ஜனங்கள் தங்கள் வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் அந்தக் குரலைக் கேட்கவேண்டும் என்பதற்காக எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் பாடுபட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நம் பக்கத்தில் அப்படி ஒரு பறவை உண்டா? தரையில் வாழ்ந்து, இருட்டில் நடமாடி, குரலால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்கிற பறவை? உண்டு. அதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. அந்தச் சரித்திரத்துக்கும் திருமுடிவாக்கத்தில் குடியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இராப்பறவையின் குரலைக் காது கொடுத்துக் கேட்பது தமிழனுக்குப் புதிது அல்ல. 'புள்' என்ற சொல்லுக்குப் பறவை என்றும் பொருள், நிமித்தம் என்றும் பொருள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட ஜனங்கள் பறவையின் குரலை எவ்வளவு கவனித்திருக்க வேண்டும்! நற்றிணையின் 83-ஆவது பாட்டில், ஊர் வாயிலில் உள்ள மரத்துக் கூகையைப் பார்த்துத் தோழி கெஞ்சுகிறாள். உனக்கு விருந்து வைக்கிறேன், தலைவன் வருகிற இராத்திரியில் குழறிப் பயமுறுத்தாதே என்கிறாள். புறநானூற்றில் ஒரு புலவருக்குக் கூகைக் கோழியார் என்றே பெயர். அவருடைய சொந்தப் பெயர் காலத்தோடு போய்விட்டது. பறவையின் பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் பஞ்சபட்சி சாஸ்திரம் என்று ஒன்று வந்தது. அதில் வரும் ஐந்து பறவைகளில் ஆந்தையும் ஒன்று. ஆந்தை எத்தனை தடவை அலறினால் என்ன பலன் என்று எண்ணுகிற கிழவிகள் எல்லாக் கிராமத்திலும் இருந்தார்கள்.

இவை எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். தள்ளியும் விட்டோம். ஆனால் தள்ளும்போது ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தக் கிழவி பயந்துகொண்டாவது எண்ணினாள். எண்ணியதனால் எந்த மரத்தில் எந்தப் பறவை, எந்த மாதத்தில் என்ன குரல் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நமக்குப் பயம் போயிற்று. கூடவே காதும் போயிற்று.

திருமுடிவாக்கம் என்றால் பெரும்பாலோருக்குச் சிட்கோ தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். லாரிகள், பட்டறைகள், வெளிவட்டச் சாலை. ஆனால் ஊரின் அமைப்பைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் அடையாறு ஓடுகிறது. அதற்கு அப்பால் திருநீர்மலை, பல்லாவரத்துக் குன்றுகள். மற்றொரு பக்கம் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். அதையும் தாண்டினால் செம்பரம்பாக்கம் ஏரி. இந்த ஏரிக்கும் குன்றுக்கும் நடுவே வயலும் அல்லாத, காடும் அல்லாத ஒரு நிலம் இருந்தது. இன்னும் துண்டு துண்டாக இருக்கிறது. செம்மண்ணும் சரளைக் கல்லும், அங்கங்கே இலந்தை, களா, கருவேல முள்ளும், நடுவில் பொட்டலுமாகக் கிடக்கும். கல்லுடைத்துக் கைவிட்ட பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். பல்லாவரத்தின் இத்தகைய சரளை மண்ணில்தான் 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி கற்கால மனிதனின் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் மிகப் பழைய மனிதனைப் பற்றிய ஆராய்ச்சியே அன்று தொடங்கியது என்பார்கள். ஆக, இது ஒன்றும் சரித்திரம் இல்லாத நிலம் அல்ல.

ஆனால் சர்க்கார் கணக்கில் இதற்கு என்ன பெயர்? தரிசு, அல்லது புறம்போக்கு. வரி விதிப்புக்கு வெளியே போய்விட்ட நிலம். அதாவது ஒன்றுக்கும் உதவாதது.

ஒன்றுக்கும் உதவாத இந்த நிலத்தில்தான் கண்கிலேடி இருக்கிறது. கோழியைவிடச் சிறியது, நீண்ட கால், மஞ்சள் நிறத்தில் மிகப் பெரிய கண். பகலெல்லாம் முட்புதர் நிழலில் கல்லோடு கல்லாக நிற்கும். பத்தடி தூரத்தில் நீங்கள் நடந்து போனாலும் தெரியாது. இருட்டியபின் அதன் குரல் எழும்பும். முதலில் ஒற்றை ஒற்றையாக, பிறகு வேகம் கூடி, உச்சிக்குப் போய்த் தணிகிற கூர்மையான குரல். முட்டையை வெறும் தரையிலே இடும். மண்ணின் நிறமே முட்டையின் நிறம். மண் அள்ளும் யந்திரத்துக்கு அது தெரியப்போவதில்லை. தொழிற்பேட்டையின் ஓசை அடங்கியபின், முன்னிரவில், வீட்டு மாடியில் நின்றால் சில நாட்களில் அதன் குரலைக் கேட்டிருக்கிறேன். ஆட்காட்டியின் சத்தம் அடிக்கடி கேட்கும். அது யாரைக் கண்டாலும் ஊரைக் கூட்டுகிற பறவை. கண்கிலேடி அப்படி அல்ல. காத்திருந்தால்தான் கேட்கும்.

கண்கிலேடிக்குத் தூரத்து உறவான ஒரு பறவைதான் நான் சொல்ல வந்த கதாநாயகன். ஆங்கிலத்தில் அதற்கு ஜெர்டன் கோர்ஸர் என்று பெயர். தெலுங்கில் கலிவிக் கோடி என்கிறார்கள். கலிவிப் புதர்களில் இருக்கும் கோழி என்று அர்த்தம். உலகத்தில் வேறெங்கும் இல்லாமல், கிழக்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து முட்காடுகளிலும் அதை ஒட்டிய தக்காணத்து நிலத்திலும் மட்டுமே அறியப்பட்ட பறவை. ஒரு முழத்துக்கும் குறைவான உயரம். பழுப்பு உடல், மார்பில் இரண்டு கறுத்த பட்டை, தொண்டையில் சிவந்த திட்டு, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். கறையானும் எறும்பும் தின்னும். பறக்கத் தெரிந்திருந்தும் ஓடுவதைத்தான் விரும்பும்.

ஜெர்டன் என்பவர் ஒரு வைத்தியர். தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் என்பது முழுப் பெயர். 1836-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாகச் சென்னைக்கு வந்து இறங்கினார். நெல்லூரிலும் தலைச்சேரியிலும் இன்னும் பல இடங்களிலும் உத்தியோகம் பார்த்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் பறவைகளைப் பார்த்தார். தென்னிந்தியப் பறவைகளைப் பற்றிச் சென்னையிலேயே படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். 1862 முதல் 1864 வரை வந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' என்ற நூல் வெகு காலம் இத்துறைக்கு ஆதார நூலாக இருந்தது. அவர் சேகரித்த இந்தப் பறவையைக் கல்கத்தா ஆசியக் கழகத்தின் காட்சிசாலையில் இருந்த எட்வர்ட் பிளைத் 1848-இல் உலகுக்கு அறிமுகப்படுத்தி, லத்தீன் பெயர் சூட்டினார். இரண்டு கழுத்தணி பூண்டது என்று அதற்குப் பொருள்.

ஜெர்டனிடம் எனக்குப் பிடித்த ஒரு குணம், பறவையின் ஊர்ப் பெயரையும் விடாமல் எழுதிவைப்பது. இந்தப் பறவைக்கும் 'அடவி' என்று தொடங்கும் ஒரு தெலுங்குப் பெயரை அவர் குறித்திருக்கிறார். அடவி என்றால் காடு. அப்படியானால் என்ன தெரிகிறது? துரை கண்டுபிடிப்பதற்கு முன்பே அந்தப் பறவைக்குப் பெயர் இருந்தது. பெயர் வைக்கிறவன் பறவையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் அல்லவா? காட்டில் கண்ணி வைத்துப் பிழைத்த யாரோ ஓர் ஆள், இது இன்ன பறவை என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஜெர்டனுக்குப் பிறகு கோதாவரிப் பக்கத்தில் பிளான்ஃபோர்டு என்ற பூகர்ப்ப சாஸ்திரி அதைக் கண்டார். 1900-இல் அனந்தபூர் அருகே ஹோவர்ட் காம்ப்பெல் என்பவர் கண்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பறவையைக் காணோம். ஸாலிம் அலி போன்ற பெரியவர்கள் தேடினார்கள். 1970-களின் நடுவில் வெளிநாட்டு நிபுணர்களும் சேர்ந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. இனம் அழிந்து போயிற்று என்று பலரும் தீர்மானித்துவிட்டார்கள். நடுவிலே ஒரு சின்ன சாட்சி மட்டும் யாரும் அறியாமல் கிடந்தது. 1917-இல் கோலார் தங்கவயலில் சேகரிக்கப்பட்ட ஒரு முட்டை ஸ்காட்லாந்தில் அபர்டீன் சர்வகலாசாலைக் காட்சிசாலையில் இருந்தது. அது இந்தப் பறவையின் முட்டைதான் என்று 2013-இல் மரபணுச் சோதனையால் தெரியவந்தது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் சுரங்க வேலைக்குப் போய்க் குடியேறிய ஊர் கோலார் தங்கவயல். அங்கே இரவு ஷிப்டு முடிந்து திரும்பிய எந்தத் தொழிலாளியின் காதிலாவது அந்தக் குரல் விழுந்திருக்கக்கூடும். என்ன பறவை என்று அவன் நின்று யோசித்திருப்பானோ, என்னமோ!

பெரியவர்கள் தேடியும் கிடைக்காததற்குக் காரணம் சுலபமானது. அவர்கள் பகலில் தேடினார்கள், கண்ணால் தேடினார்கள். பறவையோ இரவில் நடமாடுவது. இந்த உண்மை காட்டோரத்து ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களை யாரும் முறையாகக் கேட்கவில்லை.

கேட்டவர் பரத் பூஷண். 1883 முதல் நடந்துவருகிற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர். 1985-இல் பறவையின் படத்தை எடுத்துக்கொண்டு கடப்பை ஜில்லா கிராமங்களில் விசாரித்துக்கொண்டு போனார். ரெட்டிப்பள்ளி கிராமத்தில் ஐத்தன்னா என்ற ஒருவர், இது தமக்குத் தெரிந்த பறவை என்றார். 1986-ஆம் வருஷம் ஜனவரி மாதத்து இரவு ஒன்றில், விளக்கு வெளிச்சத்தில் ஒரு பறவையைப் பிடித்தும் கொண்டுவந்துவிட்டார். 86 வருஷமாக இல்லை என்று எழுதப்பட்ட பறவை ஒரு குடியானவர் வீட்டில் உயிரோடு நின்றது. சில நாட்களில் அது இறந்து போயிற்று என்பது வருத்தமான விஷயம். ஆனால் பறவை இனம் இருக்கிறது என்பது உறுதியாயிற்று. ஸாலிம் அலி அப்போது தமது 90-ஆவது வயதில் இருந்தார். வாழ்நாளில் கேட்க முடியாது என்று நினைத்திருந்த செய்தியை அவர் கேட்டார். அடுத்த வருஷம் காலமானார்.

ஜெர்டன் காலத்து ஆளின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஐத்தன்னாவின் பெயர் கிடைத்திருக்கிறது. சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு முன்னேற்றம்தான்.

பறவை அகப்பட்ட இடத்தைச் சுற்றி ஸ்ரீலங்கமல்லேசுவர சரணாலயம் ஏற்பட்டது. பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். புதர்களின் நடுவே மண்ணைக் கொத்திப் பொடியாக்கிப் பாதைபோலப் பரப்பிவைத்து, விடிந்ததும் எந்தக் கால் நடந்திருக்கிறது என்று தடம் பார்த்தார்கள். கள்ளனைப் பிடிக்கக் கிராமத்துக் காவல்காரன் செய்கிற அதே உபாயம். அடுத்தபடியாகக் குரல். அதுவரையில் இந்தப் பறவையின் குரல் இன்னது என்று விஞ்ஞான உலகத்துக்குத் தெரியாது. தமிழரான ஜெகநாதன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய வெளிநாட்டு நண்பர் ஒருவரும் அதை ஒலிப்பதிவு செய்து 2004-இல் வெளியிட்டார்கள். இரண்டு அசைகள் கொண்ட சின்னக் கூப்பாடு. விநாடிக்கு ஒன்றாக, சில தடவை திருப்பித் திருப்பி வரும். ஒன்று கூப்பிட்டால் மற்றொன்று பதில் சொல்லும். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் ஆனபின் தொடங்கி, சில நிமிஷங்களில் ஓய்ந்துவிடும். அதன்பின் பறவையைத் தேடுவது என்றால், இருட்டில் நின்று பதிவு செய்த குரலைப் போட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று காது கொடுப்பது என்றாயிற்று. கிவிக்காக நோட்டுப் புத்தகத்தோடு உட்காருகிறவர்களும் கடப்பையில் நின்றவர்களும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

இனி, இந்தப் பறவைக்கும் நமக்கும் உள்ள சம்பந்தத்துக்கு வருகிறேன்.

சென்னைப் பட்டணத்தின் தாகம் பழைய கதை. 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்று ராஜ்யங்களும் கிருஷ்ணா நதியில் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. தண்ணீரைச் சென்னைக்குக் கொடுக்க இசைந்தன. 1983-இல் எம்.ஜி.ஆர். இங்கேயும் என்.டி. ராமராவ் அங்கேயும் முதல் மந்திரிகளாக இருந்தபோது ஒப்பந்தம் உருவாகித் திட்டம் தொடங்கிற்று. அதற்குத் தெலுங்கு கங்கை என்று பெயர். ஸ்ரீசைலத்திலிருந்து ராயலசீமையின் வறண்ட வயல்களுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டு, சோமசிலை, கண்டலேறு அணைகளைக் கடந்து, பூண்டி ஏரிக்கு வருகிற நெடிய பாதை. 1996-இல் கிருஷ்ணா நீர் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. பூண்டியிலிருந்து கால்வாய் வழியாக நம் செம்பரம்பாக்கத்துக்கும் வருகிறது. குன்றத்தூரைத் தாண்டிப் போனால் நம் கண்முன்னே விரிகிற அந்த ஏரியில் கடப்பைக் காட்டோரம் கடந்து வந்த தண்ணீரும் கலந்திருக்கிறது.

அந்தத் திட்டத்தின் கால்வாய்தான் பறவைக்கு யமனாக வர இருந்தது. 2005-ஆம் வருஷக் கடைசியில், கால்வாய் வெட்டும் யந்திரங்கள் பறவை வாழும் புதர்க்காட்டில் புகுந்துவிட்டன. பறவைக்காக அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கண்டு முறையிட்டார்கள். வேலை நின்றது. விஷயம் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த குழுவரை போயிற்று. கடைசியில் கால்வாயின் வழியை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு முழம்கூட இல்லாத பறவைக்காக ஒரு பெரிய கால்வாய் வளைந்துகொடுத்தது என்று கேட்பதற்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அது கதையின் முடிவு அல்ல. கால்வாய் விலகிப் போனாலும், தண்ணீர் வந்தால் உழவு வரும். உழவு வந்தால் புதர் போகும். ஆடு மாடு மேய்ந்து, விறகுக்கு வெட்டினால் புதர் பொட்டலாகும். அடியோடு மேய்ச்சல் நின்றாலோ புதர் அடர்ந்து பறவைக்கு ஓட இடம் இராது. அதற்கு வேண்டியது நடுத்தரமான இடம்: பாதி முள், பாதி வெறுந்தரை. அந்த நடுத்தரம் தவறினால் பறவை இல்லை. 2000-களின் கடைசிக்குப் பிறகு அதைக் கண்டதாகச் செய்தி வருவதே மிகவும் அருகிவிட்டது.

குடியானவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ராயலசீமையில் மழை பொய்த்த வருஷங்களைப் பற்றிக் கேட்டவன், அங்கே ஒரு வாய்க்கால் வந்தால் சந்தோஷப்படத்தான் செய்வான். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்களும் அப்படியே. தண்ணீர் வேண்டாம், பறவை போதும் என்று சொல்கிறவன் தாகத்தை அறியாதவன். என் ஆட்சேபம் தண்ணீர்மேல் அல்ல. 'தரிசு' என்ற சொல்லின்மேல்.

அந்தச் சொல்லின் சரித்திரத்தைப் பாருங்கள். கடப்பையும் அனந்தபூரும் சேர்ந்த ஜில்லாக்கள் 1800-இல் கம்பெனி கைக்கு வந்தன. தாமஸ் மன்றோ அங்கே 1807 வரை தலைமைக் கலெக்டராக இருந்து, நிலங்களை அளந்து ரயத்வாரி முறையில் வரி போட்டார். மன்றோ நல்லவர் என்று அந்தச் சீமை ஜனங்களே கொண்டாடினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அளவைச் சங்கிலிக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும்: இதில் என்ன விளையும், எவ்வளவு வரி வரும்? விளையாத நிலம் வீண் நிலம். ஜெர்டன் வந்து பறவையைக் கண்டது அந்த அளவு முடிந்து வெகு காலத்துக்குப் பின். அதற்குள்ளே பறவையின் வீட்டுக்கு வீண் என்று பெயர் எழுதியாகிவிட்டது. கம்பெனி போயிற்று, மகாராணி ஆட்சி போயிற்று, சுயராஜ்யம் வந்தது. அந்தச் சொல் மட்டும் போகவில்லை. புதிதாக எது கட்டவேண்டுமென்றாலும் அதிகாரியின் விரல் தானாகவே அந்தச் சொல்லைத் தேடிப் போகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவத்தையும் நம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலேயே காட்டலாம். வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் கூடு கட்டும். அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம். இதை அறிந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். வேட்டையாட வந்தவர்களைத் தடுத்தார்கள். 1798-இல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டரிடம் சொல்லி, பறவைகளைக் காக்கும் உரிமைக்கு அங்கீகாரமும் வாங்கினார்கள் என்பது ஊர் அறிந்த வரலாறு. நாட்டிலேயே பழைமையான பறவைச் சரணாலயங்களில் ஒன்று என்று இன்று அதைக் காணக் கூட்டம் போகிறது. போகவேண்டியதுதான். ஆனால் நீர்ப்பறவைக்கு ஏரி இருந்தது. ஏரிக்கு வயல் இருந்தது. வயலுக்குச் சொந்தக்காரன் இருந்தான். அதனால் அதற்குப் பேச ஆள் கிடைத்தது. முட்காட்டுப் பறவைக்கு இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியும் இல்லை. அது யாருக்கும் உரம் தருவதில்லை. பார்வைக்கும் வருவதில்லை. இருட்டில் சில நிமிஷம் கூப்பிடுகிறது, அவ்வளவே. அதைக் கேட்ட ஒருவன் சாட்சி சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

கதை எழுதுகிற எனக்குப் பறவை விஷயத்தில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். தமிழின் ஆதி நாவலாசிரியர்களில் ஒருவரான அ. மாதவையாவின் குமாரர் மா. கிருஷ்ணன், சென்னையில் இருந்துகொண்டே காட்டையும் பறவையையும் பற்றி எழுதியவர். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை, 46 வருஷம் விடாமல் ஒரு பகுதி எழுதினார். தமிழிலும் எழுதினார். பெரிய காட்டுக்குப் போனால்தான் பிராணிகளைப் பார்க்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. வீட்டுக் கூரையிலும் தெருக்கோடி மரத்திலும் இருப்பவற்றை அதே மரியாதையோடு கவனித்தார். நாவலாசிரியன் மனிதர்களிடம் செய்யவேண்டியதும் இதுதானே?

திருமுடிவாக்கத்தில் ஜெர்டன் கோர்ஸர் இல்லை. அது இங்கே இருந்ததாக எந்தப் பதிவும் இல்லை. இருப்பது கண்கிலேடிதான். அது அபூர்வப் பறவை அல்ல. இந்தியா முழுவதும் இருக்கிறது. தென் சென்னைப் பக்கத்தில் நன்மங்கலம் போன்ற முட்காடுகளில் கொம்பன் ஆந்தைகூடக் கைவிட்ட கல்பள்ளங்களில் குடியிருக்கிறது. ஆனால் அபூர்வமாகிற பறவைகள் எல்லாம் ஒரு காலத்தில் சாதாரணப் பறவைகளாகத்தான் இருந்தன. கலிவிக் கோடிக்கு ஊர் ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள் என்றால், அது அவர்களுக்குப் பழகிய பறவையாக இருந்தது என்றுதானே பொருள்?

நான் பெரிய யோசனை எதுவும் சொல்லப்போவதில்லை. சரணாலயம் வேண்டும், சட்டம் வேண்டும் என்று சொல்லத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள், சொல்லட்டும். எனக்குத் தோன்றுவது இரண்டு சிறிய காரியங்கள். ஒன்று, வீட்டுக் குழந்தைகளுக்கு இராப்பறவைகளின் பெயரைச் சொல்லிக் கொடுப்பது. இது ஆந்தை, இது கூகை, இது பக்கி, இது கண்கிலேடி என்று குரலைக் கேட்டுச் சொல்லத் தெரிந்த குழந்தை, பயப்படவும் பயப்படாது, மறக்கவும் மறக்காது. மற்றொன்று, ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கையெழுத்துப் போடுகிறவர் ஒரே ஒரு நாள் சாயங்காலம் அந்த இடத்துக்குப் போகவேண்டும். போனதும் திரும்பிவிடக் கூடாது. வெளிச்சம் போய், முக்கால் மணி நேரம் கழியும்வரை பேசாமல் நிற்கவேண்டும். அதன்பிறகும் தரிசு என்றே எழுதத் தோன்றினால் எழுதட்டும்.